எட்டுப் போடத் தெரியாதவள்

"அந்த வண்டி கிளாசுக்கு நானும் வரேன். என் பேரையும் குடுத்துடு" என்று ஓரகத்தி சொன்னதும் சின்னவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இவள் மோட்டார் சைக்கிள் பழகப் போவது பிழைப்புக்காக. வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்துவரும் லேப் வேலை. மாதக் கடைசிக்குள் லைசென்ஸ் வாங்கினால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார். பெரியவளுக்கு என்ன வந்தது? நாற்பத்தைந்து வயது. பல வருஷம் வெளியூரில் இருந்துவிட்டு, புருஷனோடு இப்போதுதான் வந்து மாடியில் குடியேறியிருக்கிறாள். வந்த கையோடு வண்டி ஆசை!

சின்னவள் ஏற்கெனவே வேறொரு பயிற்சிப் பள்ளிக்குப் போய்ப் பார்த்தவள்தான். முதல் நாளே வண்டியோடு சாய்ந்தாள். அடி ஒன்றும் பலமில்லை. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. வேலையும் வேண்டாம், வண்டியும் வேண்டாம் என்று வீட்டுக்கு வந்து ஒரு பாட்டம் அழுதாள். கணவன் கெஞ்சிக் கூத்தாடி இன்னொரு பள்ளிக்குச் சம்மதிக்க வைத்த நேரத்தில்தான் இந்த அக்கா குறுக்கே வந்து நிற்கிறாள்.

"நான் எதைச் செஞ்சாலும் போட்டிக்கு வந்துடணுமா உங்க அண்ணி?" என்று கணவனிடம் பொருமினாள். அவன் என்னவோ சிரிப்பை அடக்கிக்கொண்டு போனுக்குள் தலையை விட்டுக்கொண்டான்.

புதுப் பள்ளியின் மாஸ்டர் முதல் நாளே ஒரு சட்டம் போட்டார்.

"இங்க யாரு வேணா விழலாம். ஆனா விழுந்த வண்டிய, சிரிச்சவங்கதான் தூக்கி நிறுத்தணும்."

அந்தச் சட்டத்துக்கு ஓயாமல் வேலை வைத்தவள் பெரியவள்தான். கிளட்ச் எது, பிரேக் எது என்று தினமும் புதிதாகக் கேட்டாள். வலது பக்கம் திரும்பச் சொன்னால் இடது பக்கம் போய், வைத்திருந்த கோன்களையெல்லாம் இடித்துத் தள்ளினாள். எட்டுப் போடச் சொன்னால் பாதி எட்டிலேயே பொத்தென்று புல்லில் விழுந்தாள். வகுப்பே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சிரித்த தடியன்கள் மூச்சு வாங்க வண்டியைத் தூக்கி நிறுத்தினார்கள். "கனமா இருக்கா தம்பி?" என்று ஹெல்மெட்டைச் சரிசெய்தபடி இவள் விசாரிப்பு வேறு.

சின்னவளுக்கு மானம் போயிற்று. யாராவது கேட்டால் ஓரகத்தி என்று சொல்லாமல், தெரிஞ்சவங்க என்று சொல்லிச் சமாளித்தாள்.

இரண்டாவது வாரத்தில் யாருக்கும் சிரிக்கத் தெம்பில்லை. முதுகுவலிதான் மிச்சம். அதனால், ஒரு திருப்பத்தில் சின்னவள் வண்டியோடு சரிந்தபோது மைதானம் கப்சிப் என்று இருந்தது. ஒருத்தன் தரையைப் பார்த்தான், இன்னொருத்தன் ஷூ லேஸைக் கட்டினான். அவளே எழுந்து, அவளே வண்டியைத் தூக்கி, அவளே ஓட்டிக்கொண்டு போனாள். அட, இவ்வளவுதானா என்று இருந்தது. அன்றோடு பயம் விட்டுப்போயிற்று. வண்டியும் சொன்ன பேச்சைக் கேட்க ஆரம்பித்தது.

வீட்டில் பெரியவள் முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருப்பாள். சின்னவளுக்குப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, தன்னை நினைத்துக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

"உங்களுக்கு எதுக்குக்கா இந்த வீண் வேலை? பேசாம நின்னுடுங்க" என்று புத்தி சொன்னாள்.

"நீ முடிக்கிற வரைக்கும் வரேனே" என்றாள் பெரியவள்.

தேர்வு நாளும் வந்தது. ஆர்.டி.ஓ. ஆபீஸ் அதிகாரி பள்ளி மைதானத்துக்கே வந்திருந்தார். சின்னவள் காலை ஊன்றாமல் எட்டுப் போட்டாள். சொன்ன இடத்தில் பிரேக் பிடித்து நின்றாள். பாஸ் என்று தேர்வு அதிகாரி தலையாட்டியதும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. வேலை இனி எங்கேயும் போகாது. பெரியவளோ தேர்வுக்கே நிற்கவில்லை. "இந்த ஜென்மத்துல எனக்கு வராதுப்பா" என்று கையை விரித்துவிட்டு ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டாள். சின்னவள் பாஸான சேதி கேட்டு அவள் முகத்தில்தான் எத்தனை சந்தோஷம்.

அதிகாரி கிளம்பிப் போனபின், சின்னவள் ஆபீஸ் அறையில் மாஸ்டருக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள். திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. மற்றவர்கள் வண்டிகளை மைதானத்திலேயே விட்டுவிட்டு ஓட்டம் பிடித்தார்கள். பெரியவள் ஓடவில்லை. அக்கம்பக்கம் ஒருமுறை பார்த்தாள். ஒரு வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். ஈர மண்ணில் சறுக்காமல், குறுகலான கேட் வழியே நுழைத்து, ஒரே வளைவில் ஷெட்டுக்குள் கொண்டுவந்து நிறுத்தினாள். திரும்பிப் போய் அடுத்த வண்டி. அப்புறம் இன்னொன்று. ஓட்டும்போது எங்கேயும் கால் தரையில் படவே இல்லை.

ஜன்னல் வழியே சின்னவள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஊரில் இத்தனை வருஷம் அக்கா என்ன வேலை பார்த்தாள் என்று தான் ஒரு நாளும் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"மாஸ்டர், அக்காவுக்கு வண்டி ஓட்டத் தெரியுமா?"

"நல்லாக் கேட்டீங்க. நானும் அவங்க இருந்த ஊர்தாங்க. எனக்கு ஓட்டக் கத்துக்குடுத்த மாஸ்டரே அவங்கதான். அவங்க வண்டியிலேருந்து விழுந்து நான் பார்த்ததே இந்த மாசம்தான்."