சாவி ஆணியில்தான் இருக்கிறது

அப்பா மூச்சுக்குத் திணறுவது போனில் அவனுக்குத் தெளிவாகக் கேட்டது. இழுக்கும்போது ஒரு விசில், விடும்போது ஓர் இருமல். நடுநடுவே மோட்டார் சைக்கிளின் கிக்கரை உதைக்கும் சத்தம்.

“இன்னும் ஸ்டார்ட் ஆகலங்க,” என்றாள் மனைவி.

அவன் ஃபிட்டர். ஜெனரேட்டர் ஒன்றைப் பிரித்து மாட்டுவதற்காக வெளியூர் ஆலைக்கு வந்து மூன்று நாள் ஆகிறது. அப்பாவின் நம்பரிலிருந்து அழைப்பு வந்ததும் ஸ்பேனரைப் போட்டுவிட்டு, சத்தம் குறைவான தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஓடி வந்திருந்தான்.

பேசியது அவள். மாமாவுக்குத் திடீரென்று மூச்சிரைக்கிறது, வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார், ஆம்புலன்ஸ் வர ஒரு மணி நேரம் ஆகுமாம், அக்கம்பக்கத்தில் ஒருவரும் இல்லை என்று படபடவென்று சொன்னாள். ஆஸ்பத்திரி மார்க்கெட்டைத் தாண்டியதும் வந்துவிடும். ஆனால் நடக்கிற நிலையிலா இருக்கிறார்?

அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியும். அது இப்போது நல்லதாகப் போயிற்று.

பெட்ரோல் குழாய் திறந்திருக்கிறதா என்று பார்க்கச் சொன்னான். திறந்துதான் இருந்தது. சோக்கை இழுத்துவிட்டு உதைக்கச் சொன்னான். பத்து முறை உதைத்தாள். வண்டி ஒரு முனகல்கூட முனகவில்லை.

“பிளக்கைக் கழட்டத் தெரியுமா?”

“நீங்க கழட்டும்போது பாத்திருக்கேன்.”

கழற்றினாள். அதைத் துடைத்து, மறுபடி வயர் மூடியில் செருகி, இன்ஜின் இரும்பில் படும்படி வைத்துக்கொண்டு கையாலேயே கிக்கரை அழுத்தச் சொன்னான். பிளக் முனையில் நீலமாக ஒரு பொறி வரவேண்டும்.

“ஒண்ணும் வரலையே. கரண்டே இல்லாத மாதிரி இருக்கு.”

அவனுக்கு அந்தப் பொறி ஏன் வரவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

இரண்டு மாதத்துக்கு முன்பு, அவனிடம் சொல்லாமல் அந்த வண்டியை எடுத்துக்கொண்டு அவள் தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். பின்னாலேயே போய்க் கூட்டி வந்தான். அன்று அவள் மேல் கை கொஞ்சம் நீண்டுவிட்டது. மறுநாளே புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்தான். அவனைப் பொறுத்தவரை அது முடிந்துபோன விஷயம். அப்பாதான் ஒரு வாரம் அவனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அதற்குப் பிறகு, சீட்டுக்கு அடியில், பேட்டரிக்குப் பின்னால், கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு கறுப்பு சுவிட்ச் வைத்தான். அதை அணைத்துவிட்டால் எந்தக் கொம்பன் உதைத்தாலும் வண்டி கிளம்பாது. கம்பெனி வேனில் ஏறுவதற்கு முன் அதைத் தட்டிவிட்டுப் போவது, கதவைச் சாத்துவது மாதிரி கைப்பழக்கமாகிவிட்டது. வண்டிச் சாவியை மட்டும் எல்லார் கண்ணிலும் படும்படி ஆணியில் மாட்டி வைப்பான். “நான் என்ன அவளை அடைச்சா வெச்சிருக்கேன்? சாவி ஆணியிலதான் தொங்குது,” என்று கூட வேலை செய்பவர்களிடம் பெருமையடித்தும் இருக்கிறான்.

இப்போது சொன்னால் எல்லாம் வெளிச்சத்துக்கு வந்துவிடும். அவன் தொட்டிச் சுவரை நகத்தால் சுரண்டினான். போனில் அப்பாவின் விசில் நீண்டு, அறுந்து, மறுபடி ஆரம்பித்தது. இரண்டாவது முறை அறுந்தபோது அவனால் தாங்க முடியவில்லை.

“சீட்டைத் தூக்கு. பேட்டரிக்குப் பின்னாடி கையை விடு. சின்னதா ஒரு சுவிட்ச் இருக்கும். திருட்டுப் பயத்துல வெச்சது.”

சீட்டைத் தூக்கும் சத்தம் கேட்டது.

“நம்ம தெருவுலயாங்க?” என்று மட்டும் கேட்டாள்.

அவன் பிளக்கைத் திரும்ப மாட்டச் சொன்னான். மாட்டினாள். சுவிட்சைத் தட்டிவிட்டதாகவும் சொன்னாள்.

“இதுல இருக்கிற பெட்ரோல் எவ்வளவு தூரத்துக்கு வரும்?”

“நூறு கிலோமீட்டர் தாராளமா போகலாம். இப்ப அதுவாடி முக்கியம்? உதை.”

ஒரே உதை. வண்டி சிலிர்த்துக்கொண்டு எழுந்தது. அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பாவைப் பின்னால் உட்கார வைத்து, விழுந்துவிடாமல் துண்டால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொள்ளச் சொன்னான். மேடு பள்ளத்தில் மெதுவாகப் போகச் சொன்னான். எல்லாவற்றுக்கும் “சரிங்க, சரிங்க” என்றாள்.

கேட் திறக்கும் சத்தம். முதல் கியர், இரண்டாவது கியர். வண்டி தெருவில் இறங்கியது. அவன் தொட்டிச் சுவரில் சாய்ந்து கண்களைத் துடைத்துக்கொண்டான். என்ன இருந்தாலும் வீட்டுக்கு ஆகிறவள்தான். திரும்பிப் போனதும் முதல் வேலையாக அந்தச் சுவிட்சைப் பிடுங்கி எறிந்துவிட வேண்டும் என்று நினைத்தான்.

வண்டிச் சத்தம் தேய்ந்து தேய்ந்து அடங்கியது. ஆனால் போன் துண்டிக்கப்படவில்லை. அங்கே யாரோ வாசற்படியில் நிதானமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவன் இரண்டு முறை “ஹலோ” என்றான். தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. பிறகு விசிலும் இல்லாமல், இருமலும் இல்லாமல், அப்பாவின் குரல்.

“எனக்கு ஒண்ணும் இல்லடா. அவ கெளம்பட்டும்னுதான் மூச்சு வாங்கினேன்.”