விலை படியாத எருமை

"கட்டுப்படியாகாதுங்க" என்று தரகரிடம் சொல்லி, மயிலாத்தாள் இந்த வாரமும் எருமையின் கயிற்றைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

வேலந்தாவளம் சந்தையில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற மகன் சின்னையனுக்கு அதைவிட வேகமாகக் கோபம் ஏறியது.

"எது ஆத்தா கட்டுப்படியாகாது? போன வாரத்துக்கு ஏத்தித்தானே கேக்கறாரு!"

"எனக்குப் படியல சாமி." எருமையின் கழுத்தைத் தடவிக் கொடுத்தாள். "அவரு எந்த வெரலப் புடிச்சாரு? மடக்கியா, நீட்டியா?"

"ஏன், நான் பொய் சொல்றேன்னு பாக்கறயா?"

"எந்த வெரல்னு சொன்னா என்ன, கொறஞ்சா போயிருவ?"

சந்தையில் மாட்டு விலையை வாய்விட்டுப் பேசுவதில்லை. கையைத் துண்டால் மூடி, விரலைப் பிடித்துத்தான் பேசுவார்கள். பெண்பிள்ளை கையைத் தரகர்கள் தொடமாட்டார்கள். அதனால் எருமை அவளுடையது, கை அவனுடையது.

சின்னையனுக்கு அந்தக் கணக்குத் தெரியாது. தரகர் குப்பண்ணன்தான் பிடிக்குப் பிடி இன்ன விலை என்று அவன் காதோடு சொல்வார். அதைத் தாயின் கையில் அப்படியே பிடித்துக் காட்டிச் சொல்லவேண்டும். பெற்ற மகனை நம்பாத ஒரு பிறவி!

அப்பன் செத்ததும் குத்தகை நிலத்தைச் சொந்தக்காரன் திருப்பி வாங்கிக்கொண்டான். மறையூரில் கரும்பு வெட்ட ஆள் எடுக்கிறார்கள். எருமையை விற்றுவிட்டால் சின்னையன் பஸ் ஏறிவிடுவான். ஆத்தா கொழிஞ்சாம்பாறையில் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவாள்.

அந்த வீட்டில் சாணி அள்ளவும் சோறாக்கவும் ஆளில்லை. மாமன் தங்கச்சிமேல் திடீரென்று பாசம் வைத்ததன் காரணம் சின்னையனுக்கும் தெரியும். ஆனால் வேறு வழி? பாதி வயசு தாண்டிய பொம்பளை புதுசாக என்னத்தைச் செய்துவிட முடியும்?

"இத்தன வருசம் உங்கொப்பன் அடுப்ப ஊதுனேன். மிச்சத்துக்கு எங்கண்ணன் அடுப்பா?" என்று அவள் ஒருநாள் கேட்டிருந்தாள். அதுவும் சேர்ந்துதான் இப்போது எரிச்சலாக வந்தது.

குப்பண்ணன் வெற்றிலையைத் துப்பிவிட்டு மறுபடி வந்தார். சின்னையனின் கையைத் துண்டுக்குள் இழுத்து ஒரு பிடி பிடித்தார். காதில் சொன்னார். அவன் முகம் மலர்ந்தது. விரலைத் தாயிடம் காட்டிச் சொன்னான்.

மயிலாத்தாள் அந்தப் பிடியைத் தானும் ஒருதரம் பிடித்துப் பார்த்துவிட்டு, "வேண்டாஞ் சாமி" என்றாள்.

"ஏனுங்க அம்மிணி," குப்பண்ணன் சிரித்தார். "எருமைய விக்க வந்தீங்களா, சந்தை காட்டக் கூட்டியாந்தீங்களா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்ததும் சின்னையன் துண்டை மண்ணில் வீசினான். "இத கட்டிக்கிட்டே அழுவு! நான் நாளைக்கு மறையூரு போறேன். மாமன் வண்டி கொண்டாருவாரு, ஏறிக்க!"

மயிலாத்தாள் துண்டை எடுத்து மண்ணைத் தட்டினாள். அப்போதுதான் ஒரு பெண் பசுமாட்டை இழுத்துக்கொண்டு தயங்கித் தயங்கி வந்தாள்.

"அக்கா, என்ற பேரு நாச்சம்மாளுங்க. ஊட்டுக்காரரு படுத்த படுக்கையா இருக்காரு. மாட்டுக்குக் கை குடுக்க ஆம்பள இல்லீங்க. உங்க பையனக் கொஞ்சம் அனுப்புங்க."

"என்னால ஆகாது" என்று சின்னையன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மயிலாத்தாள் எருமைக் கயிற்றை அவன் கையில் திணித்தாள். நாச்சம்மாளிடம் குனிந்து, என்ன விலை வந்தால் போதும் என்று கேட்டுக்கொண்டாள். பிறகு துண்டைத் தன் வலது கைமேல் போட்டு, குப்பண்ணன் முன்னால் நீட்டினாள்.

"என்னங்க அம்மிணி இது? பொம்பள கையப் போயி..."

"மாட்டுக்கு ஆம்பள கையா, பொம்பள கையான்னு தெரியவா போகுது? புடிங்க."

"புடிங்கண்ணா, கடிச்சுப்போட மாட்டாங்க!" என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான்.

சின்னையனால் தலை நிமிர முடியவில்லை. குப்பண்ணன் ஒரு இளிப்போடு கையை உள்ளே விட்டார். விவரம் தெரியாதவள்தானே என்று அடிமட்ட விலைக்கு ஒரு பிடி பிடித்தார்.

துண்டு அசைந்தது. அவர் விரலைத் தள்ளிவிட்டு மயிலாத்தாள் வேறொரு விரலைப் பிடித்தாள். மறுபடி அவர். மறுபடி அவள். இளிப்பு நின்றது. நெற்றியில் வியர்வை கட்டியது.

கடைசியில் குப்பண்ணன் கையை உருவிக்கொண்டு, "சரி, மாட்டுக் கயித்தக் குடு" என்று நாச்சம்மாளிடம் சொன்னார். மயிலாத்தாள் காதோடு சொன்ன விலையில் நாச்சம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது.

சின்னையன் வாயைப் பிளந்துகொண்டு தாயையே பார்த்தான். குப்பண்ணன் விரல்களை நீவிவிட்டுக்கொண்டார்.

"அம்மிணி, தரகனுக்குத் தரகன் பேசற புடியில்லீங்களா இது? உங்களுக்கு ஆரு சொல்லிக் குடுத்தது?"

"நீங்கதானுங்க. மொத வாரமே எருமைய வித்திருந்தா, பாதிதான் படிச்சிருப்பேன்."