சின்ன சிஸ்டர்தான் வேண்டும்

நான் ஊசியைக் கையில் எடுத்ததுமே அந்த வீட்டு அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஐயோ, எனக்கு ஊசின்னாலே தலை சுத்தும். நீங்க போடுங்க சிஸ்டர், நான் ஜன்னல் பக்கம் நின்னுக்கிறேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. படுத்த படுக்கையாகக் கிடக்கிற புருஷனை இத்தனை காலமாகப் பார்த்துக்கொள்கிறாள், ஒரு ஊசியைப் பார்க்கத் தெம்பில்லையாம்.

கட்டிலில் அவர் கிடந்தார். பக்கவாதத்தில் வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன. சர்க்கரை வியாதி வேறு. கண்கள் மட்டும் என் பின்னாலேயே வந்துகொண்டிருந்தன.

காலையில்தான் வேலைக்கு வந்தேன். அதற்குள் அந்த வீடு எனக்குப் பிடித்துப்போயிருந்தது. காரணம் சொன்னால் சிரிப்பீர்கள். எங்களை அனுப்புகிற ஏஜென்சியைக் கூப்பிட்டு, "பெரிய சிஸ்டர் வேண்டாம், சின்ன சிஸ்டர்தான் வேண்டும்" என்று கேட்டிருந்தார்கள்.

எங்கள் தொழிலில் அப்படி யாரும் கேட்டதாகச் சரித்திரமே கிடையாது.

நாலு வருஷம் படித்தவர்கள் பெரிய சிஸ்டர். ஒரு வருஷம் படித்த நாங்கள் சின்ன சிஸ்டர். குளிப்பாட்டுவது, புரட்டிப் படுக்கவைப்பது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது, சொன்ன மருந்தைச் சொன்னபடி கொடுப்பது எங்கள் பாடு. தோலுக்கடியில் போடுகிற ஊசிவரை எங்களை விடுவார்கள். நரம்பில் ஏற்றுவது, ஆளைப் பார்த்ததுமே உள்ளே என்ன நடக்கிறதென்று கணிப்பது, 'இந்த மருந்து எதுக்கு டாக்டர்?' என்று நிமிர்ந்து கேட்பது எல்லாம் அவர்களுக்கு. ஆஸ்பத்திரியில் இரண்டு பேருக்கும் வெள்ளை உடுப்புதான், ஆனால் நாற்காலி அவர்களுக்கு மட்டும்.

அப்பேர்ப்பட்ட எங்களை ஒரு வீட்டில் தேடிக் கேட்டால் உச்சி குளிராதா?

வந்ததும் அக்கா டீ கொடுத்து உட்காரவைத்து விசாரித்தாள். ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்தால் புரியுமா என்றாள். மேலோட்டமாகத்தான் என்றேன். மருந்தின் அளவைக் கூட்டிக் குறைப்பீர்களா என்றாள். ஐயையோ, அதெல்லாம் நாங்கள் செய்யக்கூடாது என்றேன். டாக்டரிடம் நேராகப் பேசுவீர்களா என்றாள். எங்களை யாரு பேசவிடுறாங்க அக்கா என்றேன்.

ஒவ்வொரு 'இல்லை'க்கும் எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் முகமோ மலர்ந்துகொண்டே போனது. முன்னால் வந்த பெரிய சிஸ்டர்கள் ஆயிரத்தெட்டுக் கேள்வி கேட்டுப் பிராணனை வாங்கிவிட்டார்களாம்.

இன்சுலின் ஊசி தட்டில் தயாராக இருந்தது. வேலையை விட்டுப் போன பெரிய சிஸ்டர் நிரப்பி வைத்துவிட்டுப் போனதாகச் சொன்னாள்.

அடுத்தவர் நிரப்பிய ஊசியைப் போடாதே என்பது ஒரு வருஷப் படிப்பிலும் உண்டு. ஆனால் நிரப்பியது பெரிய சிஸ்டராயிற்றே.

மருந்து நிறையவே இருந்தது. இவ்வளவா என்று நினைத்தேன். அளவை முடிவு செய்வது என் வேலையா என்றும் நினைத்தேன். தலையிருக்க வால் ஆடலாமா?

அவருடைய இடது கை என் மணிக்கட்டைப் பற்றியது. நகம் பதிகிற அளவுக்கு இறுக்கினார்.

"பயப்படாதீங்க சார், எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்று விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டேன். வயிற்றில் தோலைக் கிள்ளிப் பிடித்துப் போட்டேன். அவர் கண்கள் ஜன்னல் பக்கம் போய்விட்டு என்னிடம் திரும்பி வந்தன.

அடுத்து மூக்குக் குழாய் வழியாக ஆகாரம் ஊற்ற வேண்டும். எடுக்கப் போன என்னை அக்கா தடுத்தாள். ஆகாரத்தைத் தானே பார்த்துக்கொள்வதாகவும், அழுக்குத் துணிகளை மட்டும் மாடியில் அலசிப் போட்டுவிட்டு வந்தால் போதும் என்றும் சொன்னாள். துணி மலைபோலக் கிடந்தது. ஒன்றுவிடாமல் அலசிப் பிழிந்து காயப்போட்டேன்.

இறங்கி வந்தபோது ஆகாரம் அடுப்படியில் அப்படியே ஆறிப்போயிருந்தது.

அறை வாசலில் நின்றுவிட்டேன். அவர் தலையணை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. உடம்பு விட்டு விட்டு உதறியது.

அக்கா அவர்மேல் குனிந்திருந்தாள். கட்டைவிரலால் இமையைத் தூக்கிப் பிடித்து, சின்ன டார்ச்சை ஒரு கண்ணில் அடித்துப் பார்த்தாள், பிறகு மறு கண்ணில். கழுத்தில் இரண்டு விரலை வைத்துக் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். துளிப் பதற்றம் இல்லை. ஒரு வருஷப் படிப்பில் அப்படிப் பார்க்கச் சொல்லித் தருவதில்லை.

ஊசி போட்டது நான்.

"அக்கா, சாருக்கு சுகர் இறங்கிட்டிருக்கு! ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கக்கா!"

அவள் திரும்பவில்லை. பாடம் கேட்கிற குரலில் கேட்டாள்.

"ஆள் நிலைமை சரியில்லைன்னா முதல்ல யார்கிட்ட சொல்லணும்னு உங்களுக்குச் சொல்லிக்குடுத்தாங்க?"

என் வாய் தானாகவே சொன்னது. "பெரிய சிஸ்டர்கிட்ட."

அவள் டார்ச்சை அணைத்தாள்.

"சொல்லிட்டீங்க. இனிமே நான் பாத்துக்கிறேன்."