பக்கத்து நாற்காலி

எல்வா வேகவேகமாக வந்து நின்றபோது லோயிஸின் நாற்காலி காலியாக இருந்தது.

"லோயிஸ் எங்கே?" என்று பக்கத்தில் இருந்த மேபலிடம் கிசுகிசுத்தாள்.

"இப்பத்தான் போனா. நீ வெளியே போறதைப் பார்த்தா, உடனே வாக்கரைப் பிடிச்சு எழுந்துட்டா." மேபல் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "உனக்கு என்ன, வயிறு சரியில்லையா? கோழி பழசுன்னு மத்தியானம் சூப் குடிக்கிறப்பவே சொன்னேன். யாரு கேட்டீங்க?"

எல்வா அறையின் மறுகோடியைப் பார்த்தாள். ஜன்னலோரம், அவள் பைபிளை வைத்துவிட்டு வந்த நாற்காலிக்கு அடுத்ததில், லோயிஸ் கையைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

அறைக்குள் நேராக நடந்தால் எல்லோரும் பார்ப்பார்களே என்று வெளியே நடைபாதையைச் சுற்றிக்கொண்டு வந்திருந்தாள் எல்வா. நான் இந்தப் பக்கம் வருவது தெரிந்ததும் அந்தப் பக்கம் ஓடிவிட்டாளே!

அன்று ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழன். அமெரிக்காவில் லான்காஸ்டர் பக்கத்தில் இருக்கும் அந்த மெனோனைட் கிறிஸ்தவ சபையின் முதியோர் இல்லத்தில் பாதம் கழுவும் ஆராதனை. ஆண்கள் சாப்பாட்டுக் கூடத்தில், பெண்கள் தையல் அறையில்.

ஆளைத் தேர்ந்தெடுக்கக் கூடாது, பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. பக்கத்து நாற்காலியில் யாரோ, அவர்தான் ஜோடி. ஒருவர் பாதத்தை ஒருவர் கழுவி, கன்னத்தில் முத்தமிட்ட பிறகுதான் இயேசுவின் நினைவாகப் பகிரும் அப்பமும் திராட்சை ரசமும்.

வாய்விட்டு மன்னிப்புக் கேட்டுப் பழகாத சனம் அது. பாதத்தைக் கழுவினால் மன்னிப்புக் கேட்டதாக அர்த்தம். கழுவ விட்டால் கொடுத்ததாக அர்த்தம். அந்த ஒரு வசதியை நம்பித்தான் எல்வா குளிர்காலம் முழுக்கக் காத்திருந்தாள்.

தப்பு எல்வாவுடையதுதான். நிவாரண நிதி திரட்டும் ஏலத்துக்காக எல்லோரும் சேர்ந்து ஒட்டுப்போர்வை தைத்தபோது, லோயிஸின் தையல் கோணலாகப் போயிருந்தது. அவள் எழுந்து போன பிறகு எல்வா அதைப் பிரித்து, தன் கையால் நேராகத் தைத்து வைத்தாள்.

மறுநாள் லோயிஸ் அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். "என் கை நடுங்குறது எனக்குத் தெரியாதாக்கும்?" என்று கேட்டாள். அதோடு சரி, அன்றிலிருந்து எல்வாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

எல்வாவுக்கும் ரோஷத்துக்குக் குறைச்சல் இல்லை. ஆனால் அந்த இல்லத்தில் குளிர்காலம் வந்தால் யாரையாவது கூட்டிக்கொண்டுதான் போகும். அடுத்த பெரிய வியாழனுக்கு அவள் இருக்கிறாளோ, இவள் இருக்கிறாளோ! மனதில் இதை வைத்துக்கொண்டு அப்பத்தை எப்படித் தொடுவது?

"மௌனமாக ஜெபிப்போம்" என்றார் பாஸ்டர் ஜேனட்.

எல்லாத் தலைகளும் குனிந்தன. எல்வா லோயிஸின் பழைய நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். கண்ணை மூடினாள், உடனே திறந்தாள். ஆண்டவரே, இந்த ஒரு தடவை மன்னியும் என்று முனகிவிட்டு, பூனை மாதிரி எழுந்து மறுபடியும் நடைபாதைக்கு நழுவினாள்.

பின்னால் எங்கோ வாக்கர் சக்கரம் கிரீச்சிட்டது. யாரோ இருமினார்கள்.

ஜன்னல் பக்கத்துக் கதவைத் திறந்தபோது அவளுடைய பைபிள் மட்டும் தனியாக இருந்தது. லோயிஸ் இப்போது அந்தக் கோடியில், எல்வா விட்டுவிட்டு வந்த நாற்காலியை ஒட்டி உட்கார்ந்து, நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஜெபம் நடக்கும்போது மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் ஓட்டாதவள் லோயிஸ். அவளே ஜெபத்தின் நடுவில் எழுந்து ஓடுகிறாள் என்றால், அவ்வளவு வெறுப்பா என் மேல்?

"ஆமென்" என்றார் பாஸ்டர்.

"யாரும்மா அது, ஜெபத்துல நாற்காலி விளையாட்டு விளையாடுறது?" மேபலின் குரல் கணீரென்று கேட்டது. "என் பக்கத்துல ஒரு ஆளும் தங்க மாட்டேங்குது!"

பெண்கள் சிரித்தார்கள். எல்வாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கதவோரத்தில் முதல் ஜோடி எழுந்து தண்ணீர்த் தொட்டி அருகே போனது. இன்னொரு தடவை ஓடிப்போய் அவமானப்பட அவளால் முடியாது.

பைபிளை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தாள். இந்த வருஷம் அப்பமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதால் போதும் என்றிருந்தது.

நடைபாதையில் பாதி தூரம் போயிருப்பாள். பின்னால் கிரீச் கிரீச்சென்று வாக்கர் சத்தம் விடாமல் வந்தது. எல்வா திரும்பிப் பார்த்தாள்.

லோயிஸ். முகம் சிவந்து, தலையில் இருந்த வெள்ளை வலைத்தொப்பி ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது.

"நான் போயிடறேன் லோயிஸ்" என்றாள் எல்வா. "நீ உள்ளே போய் நிம்மதியா உக்காரு."

லோயிஸ் வாக்கரின் மேல் சாய்ந்து நின்றாள்.

"ஒரு இடத்துல உக்காந்து தொலையேன்டி! உன்னைத் துரத்தித் துரத்தியே எனக்கு மூச்சு வாங்குது."