அலைமகளின் கமெண்ட்

நடவுக்குப் போய் வந்த இடுப்பு விண்விண்ணென்று தெறித்தது. எழில்மதி கல்லூரி பெஞ்சில் தனியே சாய்ந்திருந்தாள்.

வகுப்பு வலைப்பூவில் வாரம் ஒரு பதிவு எழுத வேண்டும், மற்றவர்கள் பதிவுக்குக் கமெண்டும் போட வேண்டும். அது பேராசிரியர் போட்ட விதி. எழில்மதியின் பதிவுக்கு 'அலைமகள்' என்ற ஒருத்திதான் தவறாமல் வருவாள். "இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் குடுடி. நல்லா எழுதியிருக்க" என்பாள்.

திருமலைராயன்பட்டினத்துப் பஹீமா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"குடுத்துவெச்சவடி நீ. என் பக்கத்த ஈ காக்காகூட எட்டிப் பாக்கல. அந்த அலைமகள் உனக்குத் தெரிஞ்சவதானே? என்னுதையும் படிக்கச் சொல்லேன்."

"சொல்றேன்டி."

வீட்டுக்கு வந்ததும், தானே வைத்த பாஸ்வேர்டைப் போட்டு, அலைமகளாக உள்ளே போனாள் எழில்மதி. பஹீமாவின் பக்கத்தை அன்றுதான் முதன்முதலாகத் திறந்தாள். பதினொரு பதிவுகள். எதன் கீழும் ஒரு வரி இல்லை.

எழில்மதி பஹீமாவுக்குப் பதினொரு கமெண்ட் பாக்கி வைத்திருந்தாள்.