அதிரசம் தின்ற முகிலன்

இவனெல்லாம் ஒரு மனுஷனா என்று கொளஞ்சிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பக்கத்து வீட்டுச் சுடர்விழிக்கு ஆறாம் மாசம். ரெட்டியார்பாளையத்தில் அவர்கள் தெருவில் ஒருத்தி வாயும் வயிறுமாக இருந்தால் வீட்டுக்கு வீடு பலகாரம் போகும். போன வாரம் கொளஞ்சி அதிரசம் சுட்டுக் கொண்டுபோனாள். சுடர் கை நீட்டுவதற்குள் அவள் புருஷன் முகிலன் டப்பாவை வாங்கி, நின்ற நிலையிலேயே நாலை முழுங்கிவிட்டான். நேற்று பால் கொழுக்கட்டைக்கும் அதே கதிதான்.

தெருவே அவனைத் தின்னிப்பண்டாரம் என்றது. அவனோ, பொத்தான் போடமுடியாத சட்டையோடு சிரித்துக்கொண்டே போவான்.

"புள்ளத்தாச்சி வாயிலேர்ந்து புடுங்கித் தின்றான். டாக்டரம்மாகிட்டயே சொல்றேன் பாரு" என்று கறுவிக்கொண்டு, செக்கப்புக்குக் கிளம்பிய இருவரோடும் கொளஞ்சியும் ஆட்டோவில் ஏறிக்கொண்டாள்.

சுடரின் எடையைப் பார்த்ததும் டாக்டரம்மாவின் முகம் மலர்ந்தது. போன மாசம் ஒரேயடியாக நாலு கிலோ ஏறி, சர்க்கரையும் எல்லைக்கு வந்து பயமுறுத்தியிருந்ததாம். இப்போது எல்லாம் அளவோடு இருக்கிறது, குழந்தையும் நல்ல வளர்ச்சி என்றார்.

"எப்படிம்மா வாயக் கட்டுன?"

சுடர் புருஷனைப் பார்த்துச் சிரித்தாள். "நா எங்க கட்டுனேன் டாக்டர்? தெருவுல எல்லாரும் ஆசையா செஞ்சு கொண்டாறாங்க. வேணாம்னா அவங்க மனசு நோவும். அதான், கெட்ட பேரு தனக்கே வரட்டும்னு இவரே தின்னுடறாரு."

போன மாசத்து நாலு கிலோவில் கொளஞ்சியின் எள்ளுருண்டைக்கும் பங்கு உண்டு.

நர்ஸ் விளையாட்டாக முகிலனையும் மெஷினில் ஏற்றினாள். போன மாசம் எழுபத்திரண்டு கிலோ இருந்தவன், இப்போது எழுபத்தெட்டு. எல்லோரும் சிரித்தார்கள். கொளஞ்சி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

மறுநாள் காலையில் கொளஞ்சி தூக்குச்சட்டியோடு வாசலில் வந்து நின்றாள். பழக்கதோஷத்தில் முகிலன் ஓடிவந்து கை நீட்டினான்.

"வாங்கிக்க தம்பி, இது ஒனக்குத்தான்" என்றாள் கொளஞ்சி. "கொள்ளு ரசம்."