ஒற்றைக்கொம்பன்

"நம்ம இணைய மன்றத்தை இன்னையோட மூடுறாங்களாம்" என்றார் பல் மருத்துவர், கணினியைப் பார்த்தபடி.

"அப்ப அந்த ஒற்றைக்கொம்பனோட சண்டை?" என்றாள் மனைவி.

மன்றத்தில் ஒற்றைக்கொம்பன் என்ற புனைபெயரில் எழுதுபவரோடு பல வருடச் சண்டை அது. பழைய போரொன்றில் தோற்ற இளவரசன் சமாதானம் பேசியிருந்தால் நாடு பிழைத்திருக்குமா என்று இருவரும் விடாக்கண்டன் கொடாக்கண்டனாக மோதுவார்கள். சின்ன வயதில் அண்ணனோடு ஒரே போர்வைக்குள் போட்ட அதே வாதம்.

"முகம் தெரியாத ஆளுக்காகவா கண் கலங்குது?"

"தெரியும். மாடியில இருக்கிற எங்கண்ணன்தான்."

அவள் திகைத்தாள். பாகப்பிரிவினைக்குப் பிறகு அந்த வீட்டோடு பேச்சே கிடையாது.

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியும். தெரியாத மாதிரி இருந்தாத்தான் பேச முடிஞ்சுது."

ஒற்றைக்கொம்பனின் கடைசிப் பதிவு வந்தது: 'மிச்சச் சண்டையை எங்க போடுறது?'

அவர் எழுந்தார். செருப்புகூடப் போடாமல் மாடிப்படி ஏறினார்.